கோர்ட் நடக்குது, உட்காருங்க அங்கிள்

சில வருஷங்களுக்கு முந்தைய நவராத்திரியில், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. இங்கே நவராத்திரி என்றாலே சனி, ஞாயிறுதான். வார நாளில் கொலுவுக்குக் கூப்பிட்டால் செய்த சுண்டலை நாமேதான் சாப்பிட வேண்டும்.

கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போதே கல்யாணமாகி, டிகிரி முடிக்காமல் விமானம் ஏறியவள் நான். டிபென்டன்ட் விசா, குழந்தை, டேகேர், ஸ்கூல் பிக்கப் என்று காலம் ஓடிவிட்டது. நாற்பதைத் தாண்டியதும் ஒரு வெறி வந்தது. சட்டம் படித்தே தீருவது! அமெரிக்காவில் அதற்கு முதலில் வேறொரு டிகிரி வேண்டும். இங்கிலாந்திலோ பள்ளிப் படிப்பு முடித்த கையோடு சட்டத்தில் சேரலாம். அங்கேயுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், ஆன்லைனிலேயே படிக்கும் சட்ட இளநிலைப் பட்டத்துக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்ததுதான் தாமதம், ஊரில் இருப்பவர்கள் எல்லாம் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்து ஊரான லிவர்மோரிலிருந்து வரும் ஒரு அங்கிள், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் நண்பர் வீட்டு பாட்லக் விருந்தில் தட்டும் கையுமாகக் கேட்டார்: "ஏம்மா, இங்கிலாந்து சட்டத்தை வெச்சுக்கிட்டு இங்க ஒரு பார்க்கிங் டிக்கெட்டையாவது கேன்சல் பண்ண முடியுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்று வீட்டில் பாத்திரங்கள்தான் என் கையில் படாத பாடு பட்டன.

அந்த வருஷப் பாடத்தில் மாதிரி நீதிமன்றம் என்று ஒன்று உண்டு. திரையில் ஒரு நீதிபதி உட்காருவார், நாம் ஒரு தரப்புக்காக வாதாட வேண்டும். நடுவில் எழுந்து போனால் மார்க் கிடையாது. அதில் தேறாவிட்டால் அந்தப் பாடத்தை மறுபடி முழுசாகப் படிக்க வேண்டும். அந்த நாள் சரியாக எங்கள் கொலு நாளில் வந்து விழுந்தது. அங்கே சாயங்காலம் என்றால் இங்கே காலை. கொலுவுக்குப் பதினோரு மணிக்கு மேல் வரச்சொல்லி வாட்ஸப்பில் போட்டுவிட்டேன். அதற்குள் முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு.

கணவரும் மகனும் சாக்கர் மேட்சுக்குப் போய்விட்டார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த என் மாமியார் சமையலறையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். மாமனார் தவறிய பிறகு அவர் கொலுவில் முன்னால் வருவதே இல்லை. வந்தவர்களுக்குக் குங்குமம், வெற்றிலை பாக்கு கொடுப்பது என் வேலை. யாரும் அவரை விலகச் சொன்னதில்லை. முன்னால் வாங்க என்றும் யாரும் கூப்பிட்டதில்லை, நான் உட்பட.

மாடியில் வைஃபை சரியாக வராது. அதனால் ஹாலில், கொலுவுக்கு முன்னாலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். பட்டுப்புடவை, அதற்கு மேல் கறுப்பு கோட்டு. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. எனக்கு முன்னால் பேசியவருக்கு ஏதோ நெட் தகராறு. எல்லாம் தள்ளிப்போய், என் முறை வந்தபோது பத்தரை. பக்கத்து வீட்டுச் சுவரைப் பெயர்த்துவிட்ட மரத்தின் சொந்தக்காரருக்காக நான் பேச வேண்டும். ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, காலிங் பெல் அடித்தது.

அதே அங்கிளும் அவர் மனைவியும்! லிவர்மோர் கோவிலில் தரிசனம் சீக்கிரம் முடிந்துவிட்டதாம், நேரே வந்துவிட்டார்கள். மாமியார் கதவைத் திறந்ததும் அங்கிளின் குரல்தான் முதலில் உள்ளே வந்தது: "என்னம்மா, கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு! ஜாப் இன்டர்வியூவா?"

நீதிபதி, என் பேச்சை நிறுத்தி, சற்று அவகாசம் வேண்டுமா என்று அன்பாகத்தான் கேட்டார். வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் ஒரு நிமிஷம் என்பது எனக்குத் தெரியாதா? காபி, சுண்டல், ஒரு பாட்டு, அதற்குப் பிறகு நான் எங்கே திரும்பி வருவது! வேண்டாம் என்றேன். மைக்கை அணைத்துவிட்டு, "கோர்ட் நடக்குது, உட்காருங்க அங்கிள்" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, மனிதர் பொத்தென்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி மரத்துக்குப் போனேன். நீதிபதியின் கேள்விகள் கிடுக்கிப்பிடி. பத்து நிமிஷத்தில் பின்னால் சலசலப்பு. இன்னும் இரண்டு வீட்டுக் கொலு பாக்கியாம், கிளம்ப வேண்டுமாம்.

"வந்தவங்க கிளம்பறாங்க. குங்குமம் குடுக்காம எப்படிம்மா அனுப்பறது?" என்று மாமியார் என் தோளருகே வந்து கிசுகிசுத்தார். நான் திரும்பாமல், வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தேன். மனசு பதறியது. நவராத்திரியில் வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறும் நெற்றியோடு அனுப்புகிறாளே என்று ஊர் பேசும். பேசட்டும். எழுந்திருக்க மாட்டேன்.

திரையின் மூலையில் என் படம் சின்னக் கட்டமாகத் தெரியும். அதில் என் முதுகுக்குப் பின்னால் நடந்ததும் தெரிந்தது. மாமியார் கொலுப்படி அருகே ஒரு கணம் நின்றார். பிறகு வெள்ளித்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஆன்ட்டி முன்னால் போய் நின்றார்.

"அவ வரமாட்டா, வாதாடிக்கிட்டு இருக்கா. நான் குடுக்கறேன், எடுத்துக்கோ."

ஆன்ட்டி அங்கிளைப் பார்த்தார்.

"அவரை என்ன பார்க்கறே? நெத்தி உன்னுதுதானே!" என்றார் மாமியார், நிதானமாக.

ஆன்ட்டி குங்குமத்தைத் தொட்டு இட்டுக்கொண்டார்.   நான் தண்ணீர் குடிப்பதுபோல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீதிபதி அவர்களே, மரம் தானாக வளர்ந்தது" என்று ஆரம்பித்தேன்.

வழக்கில் தோற்றேன். ஆனால் பாடத்தில் தேறினேன். போன வருஷம் பட்டமும் வாங்கிவிட்டேன். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கலிபோர்னியாவில் வக்கீலாக முடியாது என்று இன்றும் யாராவது பார்ட்டியில் எனக்கு விளக்குவார்கள். தெரியும், அடுத்த படிப்புக்கும் விண்ணப்பித்தாயிற்று.

அன்று மத்தியானம் கூட்டம் கூட்டமாக வந்தவர்களுக்கும் மாமியாரே குங்குமம் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நவராத்திரியிலும் அவர்தான் கொடுக்கிறார். அவர் கையால் வாங்கப் பிடிக்காதவர்கள் தாராளமாக வேறு வீட்டுக் கொலுவுக்குப் போகலாம். எங்கள் வீட்டில் இனி யாரும் பின்னால் போய் நிற்கப்போவதில்லை.