சிவமணியின் இருபத்திரண்டு காலடி

கொழும்பு வெள்ளவத்தையில் தையல் கடை வைத்திருக்கும் சிவமணிக்குப் பரம்பரைச் சொத்து என்று இருந்தது இருபத்திரண்டு காலடிதான். அதுவும் காணி அல்ல. வவுனியாவுக்கு அப்பால், நாவலடிக்குளத்து அணைக்கட்டில், பிள்ளையார் ஊர்வலம் வருகிற வழியில் ஒரு துண்டு.

ஆதியில் நாலு குடும்பங்கள் காடு வெட்டி, குளத்தைத் திருத்தி, கரையில் பிள்ளையாரை வைத்துக் குடியேறின. நாலு நாள் திருவிழா. குடும்பத்துக்கு ஒரு நாள். பிள்ளையார் கண் திறந்து பார்த்தார், ஊர் பெருகியது. ஆனால் பெருகியதெல்லாம் வெள்ளவத்தையில். குளக்கரையில் இப்போது ஒன்பது வீடு. வெள்ளவத்தை மாடிவீடுகளில் அறுபத்துமூன்று குடும்பம். திருவிழா நாளைக் கூட்ட ஐயர் சம்மதிக்கவில்லை. நாளைப் பிரித்தார்கள், பூசையைப் பிரித்தார்கள், கடைசியில் சாமி சுற்றுகிற அணைக்கட்டையே, தூக்குகிறவர்கள் எடுத்துவைக்கிற காலடிக் கணக்கில் பிரித்துக் கொடுத்தார்கள். தன் துண்டுக்குச் சாமி வரும்போது அந்தக் குடும்பம் கற்பூரம் கொளுத்தித் தன் ஆட்களின் பெயரைச் சொல்லலாம். துண்டு முடிந்தால் வாயை மூட வேண்டும்.

சிவமணியின் தகப்பன் கதிரேசு செத்துப்போனபின், எட்டு வருடமாகச் சித்தப்பா மகன் கஜீவன் அந்தத் துண்டைத் தன்னுடையதோடு சேர்த்து நடத்தினான். கதிரேசுவின் பெயரை ஒருநாளும் சொல்லவில்லை. அந்தப் பெயர் ஒரு தரமாவது பிள்ளையார் காதில் விழ வேண்டும். சிவமணிக்கு வேறு ஆசை இல்லை. வெள்ளவத்தையில் நடந்த ஊர்ச்சங்கக் கூட்டத்தில் எழுந்து அழுதாள். தலைவர் தில்லைநாதன் துண்டை அவளுக்கே எழுதினார்.

அந்த மாரியில் அணைக்கட்டு உடைந்தது. சரியாக இருபத்திரண்டு காலடி.

மாசித் திருவிழாவுக்குப் போய் இறங்கிய சிவமணி, தன் பங்கில் தண்ணீர் நிற்பதைக் கண்டாள்.

"அக்கா, உங்கட பங்கு குளத்துக்குள்ளை போட்டுது," என்றான் கஜீவன். "சாமி இந்தமுறை வயலாலை சுத்திப் போகும்."

தில்லைநாதன் பக்கத்துப் பங்குக்காரி சாம்பவியைக் கேட்டார்: "பிள்ளை, ஒரு பத்துக் காலடி விட்டுக் குடுமன்."

"என்ன கதை அண்ணை! எங்களுக்கு இருக்கிறதே பதினாலு. அதுக்குள்ளை ஆறுபேரின்ரை பேர் சொல்லவேணும்."

சிவமணி சேலையைச் சொருகினாள். கற்பூரத் தட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

"நான் என்ரை பங்கிலை நிக்கிறன். சாமி தன்ரை வழியாலை வரட்டும்."

சாமி தூக்கியவர்கள் ஐயரைப் பார்த்தார்கள்.

"பிள்ளையார் யானையெல்லோ," என்றார் ஐயர். "தண்ணியெண்டால் ஆசைதான்."

இறங்கினார்கள். சேற்றில் கால் புதைந்து புதைந்து, ஒரு காலடி அரைக் காலடியாயிற்று. கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்த கஜீவன், இருபத்திரண்டில் "காணும், காணும், பங்கு முடிஞ்சுது!" என்று கத்தினான். சாமியை நடுக்குளத்தில் விட்டுவிட்டு வரமுடியுமா? சிவமணி கதிரேசு என்றாள். திரும்பவும் கதிரேசு என்றாள். தாயைச் சொன்னாள், பேரன் பேத்தியைச் சொன்னாள். சொந்தமெல்லாம் முடிந்தபின், மாடிவீட்டுக் காவல்காரர் அலவியின் பெயரையும் சொன்னாள், நல்ல மனுசன். கரையேறும்போது நாற்பத்தொன்பது காலடி.

அடுத்த மாதம் வெள்ளவத்தையில் கூட்டம். உடைந்த கட்டைத் திருத்தித் தருவதாக அரசாங்கத்திலிருந்து வந்த கடிதத்தைத் தில்லைநாதன் வாசித்தார். ஒருவரும் கைதட்டவில்லை. கஜீவன் எழும்பினான்.

"திருத்தட்டும் அண்ணை. போறபோக்கிலை என்ரை பங்கையும் ஒருக்கா வெட்டிவிடச் சொல்லுங்கோ."

"எங்கட பதினாலையும்," என்றாள் சாம்பவி.