வியாழன் பத்து மணி குன்வோர்

குன்வோர் ஹெட்மன் முப்பத்து நான்கு வருஷம் வெஸ்டெரோஸ் நகரில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் செம்புக் கம்பி சுற்றினாள். ஒருமுறை கல்யாணம் செய்துகொண்டாள், ஒருமுறை அதை முறித்துக்கொண்டாள். இரண்டைப் பற்றியும் அவளுக்குப் பெரிய புகார் கிடையாது. 1988இல் இந்த அடுக்ககத்துக்குக் குடிவந்த அன்றே, அடித்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை அறைக்கு இறங்கி, யாருக்கு எந்த மூன்று மணி நேரம் என்று காட்டும் நேரப் பலகையில் வியாழக்கிழமை பத்து மணிக் கட்டத்தில் தன் வீட்டுச் சின்னப் பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். மற்றவர்களின் பூட்டுகள் வாரத்துக்கு வாரம் கட்டம் தாவின. அவளுடையது இருந்த இடத்திலேயே இருந்தது. நகர்த்த வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் மாடி தூர்கெல் வென்னர்ஹோல்ம் அதை அவ்வளவுதான் என்று விடவில்லை. அவர் சமூகவியல் பேராசிரியர். நவீன காலம் மனிதரை ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் பிடுங்கிப் போட்டுவிட்டது, இனி யாருக்கும் எதுவும் நிலையில்லை என்று இருபது வருஷமாக எழுதிவந்தவர். ஒருநாள் காலி கட்டம் தேடிப் பலகை முன்னால் நின்றபோது, குன்வோரின் பூட்டில் படிந்திருந்த தூசியைப் பார்த்தார். துவைக்க வந்ததை மறந்து மேலே ஏறிப்போய், ‘நவீனம் தொடாத மூன்று மணி நேரம்’ என்று ஒரு கட்டுரை எழுதினார்.

கட்டுரை பிரபலமாயிற்று. ஆய்வு நிதி வந்தது. அந்த நிதியில் சலவை அறைக்குப் துணி உலர்த்தப் புத்தம் புது டிரையர் வந்தது. வியாழக்கிழமைகளில் குன்வோரைப் பார்க்க வெளிநாட்டு ஆய்வாளர்களும் வர ஆரம்பித்தார்கள். பிரேமன்காரர் ஒருவர், இந்தப் பெண் உலகமயத்துக்கு வெளியே இல்லவே இல்லை என்று நிரூபிக்க, அவளுடைய தலையணை உறைகளுக்குள் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று தைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பங்களாதேஷ், போர்ச்சுகல், துருக்கி. உள்ளாடைக்கு வந்தபோது குன்வோர் கூடையைப் பிடுங்கிக்கொண்டாள். கோபன்ஹேகனிலிருந்து வந்த பின்நவீனத்துவக்காரி ஒரு படி மேலே போனாள். குன்வோர் என்று ஒருத்தி கிடையவே கிடையாது, அது தூர்கெல் கட்டிய கதை மட்டும்தான் என்று குன்வோரிடமே பொறுமையாக விளக்கினாள். குன்வோர் அவளுக்கும் காப்பி ஊற்றினாள்.

பிறகு முட்டி வலி வந்தது. வெந்நீர்க் குளத்தில் பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்தால் சரியாகும், செய்யாவிட்டால் லிஃப்ட் இல்லாத வீட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். குன்வோர் இருப்பது இரண்டாம் மாடி. அந்த வீட்டை விட்டு அவளுக்குப் போக இஷ்டமில்லை. குளத்தில் இடம் கிடைத்தது. அடுத்த மாதத்திலிருந்து வியாழன், காலை பத்து மணி. இரண்டு முறை வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

அந்தக் கட்டடத்தில் சங்கடமான விஷயத்தை யாரும் முகம் பார்த்துச் சொல்வதில்லை, எழுதிச் சலவை அறைக் கதவில் ஒட்டுவார்கள். அவளும் எழுதினாள்: ‘வியாழன் இனி எனக்கு வேண்டாம். முட்டி. செவ்வாய்க்கு மாறுகிறேன். குன்வோர்.’ மறுநாள் சீட்டைக் காணோம். மூன்று வாரம் கழித்து தூர்கெல் மாடிப்படியில் அவளை மடக்கினார்.

“என்ன ஒரு சீட்டு, குன்வோர். லிஸ்பன் மாநாட்டுல திரையில போட்டுக் காட்டினேன். ‘முட்டி’ன்னு ஒத்தை வார்த்தை. நவீன உடம்போட கிண்டல்னு கை தட்டினாங்க.”

“அது முட்டிதான் தூர்கெல். வலிக்குது.”

“அதேதான் நானும் சொன்னேன்.”

“நான் செவ்வாய்க்கு மாறணும்.”

தூர்கெல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “நீங்க மாறினா என் முடிவுரை போயிடும். திட்டமே நின்னுடும். டிரையரைத் திருப்பிக் குடுக்கணும்.”

“மாறலைன்னா என் வீடு போயிடும்.”

“மாற்றத்தை மறுத்த பெண்ணுன்னு உங்களைப் பத்தி நாலு மொழியில வந்திருக்கே?”

“நான் எங்கே மறுத்தேன்? மாறுறியான்னு யாரும் கேக்கலை.”

தூர்கெல் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் கதவில் வேறொரு சீட்டு இருந்தது: ‘டிரையரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அன்புடன், குழந்தைகள் உள்ள சிலர்.’ அடியில் ஒரு சிரித்த முகம். குன்வோர் அதைப் பிய்த்துக்கொண்டு அடுத்த வீட்டு சிர்க்காவிடம் போனாள். சிர்க்கா பின்லாந்துக்காரி, அதே தொழிற்சாலையில் அதே பெஞ்சில் வேலை பார்த்தவள்.

“நீ துவைக்கும்போது கட்டுற நீல ஏப்ரனையும் பூட்டுச் சாவியையும் குடு,” என்றாள் சிர்க்கா. “வியாழன் நான் இறங்குறேன். என் செவ்வாய்க் கட்டத்தை நீ வச்சுக்கோ.”

“ஏண்டி, நீ என்னைவிட ஒரு ஜாண் உசரம்.”

“அவங்க என்னைக்கு உன் மூஞ்சியப் பாத்தாங்க? பூட்டைப் பாப்பாங்க, கடிகாரத்தைப் பாப்பாங்க.”

“தூர்கெலுக்குத் தெரிஞ்சிடுமே.”

“தெரியட்டும். வாயத் திறந்தா யாருக்கு நஷ்டம்?”

“ஏதாவது கேள்வி கேட்டா?”

“ஃபின்னிஷ்ல பதில் சொல்றேன். பாவம், எழுதிக்கட்டும்.”

அந்த வியாழன் சியோலிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். நடந்ததை சிர்க்கா பிறகு இரண்டு கப் காப்பிக்கு நீட்டிச் சொன்னாள். நீல ஏப்ரனில் அவளைக் கண்டதும் தூர்கெலுக்குக் காது சிவந்ததாம். டிரையரைப் பார்த்தாராம், கூரையைப் பார்த்தாராம். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இவங்கதான் குன்வோர்” என்றாராம். சிர்க்கா, கால் வலிக்கிறது, சீக்கிரம் போய்த் தொலையுங்கள் என்று ஃபின்னிஷில் சொல்ல, நாலு பேரும் அதை உள்ளூர்ப் பேச்சுவழக்கு என்று பணிவோடு எழுதிக்கொண்டார்களாம்.

அதே நேரம் குன்வோர் நெஞ்சளவு வெந்நீரில், எட்டுக் கிழவர்களுக்கு நடுவே, ஒரு ரப்பர் பந்தைத் தொடைகளுக்கிடையில் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் வாரச் செவ்வாய்க்கிழமை கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மாடிப்படிக் கைப்பிடியைத் தொடவே இல்லை என்பது கீழே போன பிறகுதான் உறைத்தது. உள்ளே தூர்கெல் தன் ஈரக் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார். முதலில் அவளுடைய முட்டியைப் பார்த்தார். பிறகு வெளியே யாராவது இருக்கிறார்களா என்று கதவைப் பார்த்தார்.

“காலை வணக்கம், சிர்க்கா,” என்றார்.

“காலை வணக்கம், தூர்கெல். கொஞ்சம் நகருங்க,” என்று குன்வோர் இயந்திரத்தைத் திறந்தாள்.