அத்தைக்கு வந்த சிவப்புப் பூ

எங்கள் ஊரில் ஒரு முறை தண்ணீருக்கும் கபடிக்கும் போட்டி நடந்தது. கபடி ஜெயித்தது. ஜெயிக்க வைத்தது என் அத்தை. அவளுக்குக் கபடி பிடிக்காது.

திருவண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் போகிற பக்கம் எங்கள் ஊர். அப்போது அங்கே கலெக்டர் ஆபீஸ் எல்லாம் கிடையாது. மல்லாட்டைக் கொல்லையும் முள்ளுமாகக் கிடந்தது. வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் மலை தெரியும். தண்ணீர்தான் தெரியாது. ஊர்க்கிணறு மாசியிலேயே சேறாகிவிடும். அப்புறம் ஏரிக்கரைக் கிணறுதான். அத்தை தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒன்று. என் இடுப்பில் ஒன்று. விடிந்ததும் போவோம், பொழுது சாய்ந்ததும் போவோம்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. மாமா பெங்களூருக்கு வேலைக்குப் போனார். அங்கேயே இருந்துவிட்டார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பகலில் மண்டிக்கு மல்லாட்டை உரிக்கப் போவாள். கிணற்றடியில் அவள் வாயைத் திறந்தால் வரிசை தானாக நேராகும்.

அந்த வருஷம் ஊராட்சியில் வீட்டு வரியை ஏற்றினார்கள். சைக்கிளுக்கும் வரி இருந்தது. கட்டினால் ஒரு வில்லை தருவார்கள், சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாத சைக்கிளைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கையில் பணம் சேர்ந்ததும் தலைவர் ஒரு விளையாட்டு அரங்கம் கட்டலாம் என்றார். கார்த்திகை தீபச் சந்தைக்கு வருகிற மாடுகளைக் கட்டுகிற திடல் ஒன்று ஏரிக்குப் போகிற வழியில் இருந்தது. அதைச் சுற்றிச் சுவர், நடுவில் களம், ஒரு பக்கம் ஜனம் உட்கார்ந்து பார்க்க சிமெண்டுப் படிக்கட்டு. எங்கள் ஊர்ப் பையன்கள் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போய்க் கபடியில் ஜெயித்து வந்த வேகம் அது.

அப்பா டவுனில் அரிசி மில்லுக்கு சைக்கிளில் போய் வருவார். அவருக்கு வீட்டு வரியும் உண்டு, சைக்கிள் வரியும் உண்டு. என் வரியில ஒருத்தன் தொடை தட்டணுமா என்று கேட்டார். தொட்டி கட்டு, தெருவுக்குத் தெரு குழாய் போடு, அப்புறம் தொடை தட்டு என்றார். கபடிப் பையன்கள், தண்ணி எங்க போயிடும், மழை பேஞ்சா வருது என்றார்கள். டீக்கடையே ரெண்டாகப் பிரிந்தது. தண்ணீர்க்காரர்கள் உட்கார்ந்த பெஞ்சில் கபடிக்காரர்கள் உட்காரவில்லை. ஒரே டீ, ஒரே பால்தான்.

சண்டை முற்றியதும் தலைவர் ஒரு வழி சொன்னார். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று, கூத்துக்குப் பதிலாகப் பட்டிமன்றம் வைப்போம். ஊர்ப்பணத்தில் முதலில் வேண்டியது குடிநீரா, விளையாட்டு அரங்கமா? கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு தமிழ் வாத்தியார் வந்து தீர்ப்புச் சொல்லட்டும். எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அதுதான் முதலில். கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினார். எல்லோரும் சரி என்றார்கள்.

பேசுகிறவர்களையும் பிடித்தாயிற்று. ஒரு பெண்ணாவது வேண்டும் என்றார்கள். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

இது வரைக்கும் ஒழுங்காகத்தான் நடந்தது. யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதில்தான் எங்கள் ஊர் புத்தியைக் காட்டியது. எதுவானாலும் அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். புளியமரத்தை யாருக்கு விடுவது, பெண்ணை எந்த ஊரில் கொடுப்பது, எல்லாமே பூதான். இதற்கும் கட்டினார்கள். வெள்ளைப் பூ தண்ணீர், சிவப்புப் பூ அரங்கம். இலையில் மடித்துப் போட்டு, பிள்ளைகளை விட்டு எடுக்கச் சொன்னார்கள். தண்ணீர் வேண்டும் என்கிறவர் தண்ணீருக்குப் பேசட்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அம்மன் இருக்கும்போது நாம் யார் முடிவு பண்ண?

அத்தைக்கு நான் எடுத்தேன். பிரித்தால் சிவப்பு அரளி. கபடி டீம் கேப்டனுக்கு அவன் தம்பி எடுத்தான். வெள்ளை நந்தியாவட்டை. கேப்டன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பூசாரி, "அம்மா சொல்லிட்டா. இனி பேச்சே இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கூப்பிட்டுச் சொன்னார்.

"மேடையில ஏறி ரெண்டு வார்த்த பேசிட்டு எறங்கிடு. ஜாஸ்தி வேணாம்."

"அம்மன் குடுத்த பக்கத்த ஏமாத்தச் சொல்றியாண்ணா?"

"தண்ணி தூக்கறவ நீதான?"

"நான்தான்" என்றாள் அத்தை.

கூழ் ஊற்றி முடிந்த பிற்பகலில் வேப்ப மரத்தடியில் பட்டிமன்றம் ஆரம்பித்தது. வாத்தியார் நடுவில் உட்கார்ந்தார். மைக்செட் டவுனிலிருந்து வந்திருந்தது. ஆண்கள் முன்னால் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றோம்.

முதலில் கேப்டன் வந்தான். தண்ணீர் நல்லது, தண்ணீர் இல்லாமல் ஒன்றும் இல்லை என்றான். கொஞ்ச நேரம் மைக்கைப் பார்த்தான். அவ்ளோதாங்க என்று இறங்கிவிட்டான். கபடிப் பையன்கள் விசில் அடித்தார்கள். அவன் தோற்கப் பேசினான் என்பது எனக்கே தெரிந்தது. அப்பாவுக்குச் சந்தோஷம். அவன் ஒன்று தோற்றான், நம்மாள் ஒன்று தோற்பாள், கணக்கு சரியாகிவிடும் என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். நடுவில் பேசினவர்கள் பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை. அவர்களுக்கே இருக்காது.

கடைசியில் அத்தை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மைக்கைத் தொடவில்லை.

"எனக்கு மேடையில பேசத் தெரியாதுங்க. கொழாயாண்ட சண்ட போடத் தெரியும். கொழாயே இல்ல. அதனால கெணத்தாண்ட போடறேன்."

சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"தண்ணி வேணும். யாரு வேணாம்னா? ஆனா ஒண்ணு. கெணத்தாண்ட நிக்கறேன். ரேஷன் கடையில நிக்கறேன். மண்டியில கூலிக்கு நிக்கறேன். கோயிலுக்குப் போனா அங்கயும் வரிசையில நிக்கறேன். வூட்ல ஆம்பளைங்க சாப்ட்டு எழுந்திரிக்கற வரைக்கும் நிக்கறேன். கொழாய் வந்தா இன்னா ஆவும்? கொழாயாண்ட நிப்பேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த ஊர்ல பொம்பள உக்கார எடம் எங்க இருக்குது, சொல்லுங்க. டீக்கட பெஞ்சு உங்களுது. மரத்தடி மேட உங்களுது. இன்னைக்கிப் பாயும் உங்களுது. வரியில மட்டும் எங்க கூலியும் போவுது. இப்பதான் மொத மொதல்ல உக்கார்றதுக்குன்னு ஒண்ணு கட்டறேன்றாங்க. அந்தப் படிக்கட்டுல பாதி பொம்பளைங்களுக்குன்னு கோடு போட்டுக் குடுங்க. ஆடறவன் ஆடட்டும். நான் உக்காந்துக்கறேன்."

இறங்கிவிட்டாள். பின்னால் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். எல்லோரும் தண்ணீர் தூக்குகிறவர்கள். குடத்தைத் தட்டுகிற மாதிரி தட்டினார்கள். வாத்தியார் எழுந்து, நான் எழுதிக்கொண்டு வந்த தீர்ப்பு வேறு, இப்போது சொல்லப்போவது வேறு என்றார். அரங்கம் என்று சொன்னார். அதில் பாதிப் படி பெண்களுக்கு என்றும் சொன்னார். தலைவர் தலையாட்டினார். கபடிப் பையன்கள் அத்தைக்கு மாலை போட வந்தார்கள். போங்கடா என்று விரட்டினாள்.

அப்பா சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்.

"சொந்த வூட்டுக்கே தண்ணி வராம பண்ணிட்ட."

"கம்மியாதான்ணா இருக்குது. போய் எடுத்தாறேன்" என்று அத்தை குடத்தை எடுத்தாள். நானும் என் குடத்தை எடுத்தேன்.

தெருவில் என்னையும் திட்டினார்கள். இந்தக் கை வெள்ளையை எடுத்திருந்தால் இந்நேரம் குழாய் வந்திருக்கும் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். பூ மாறிப்போனதால் அத்தை மாற்றிப் பேசினாள் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைப் பூ வந்திருந்தாலும் அவள் அதைத்தான் பேசியிருப்பாள் என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்?

குழாய் வந்தது. ஆனால் நான் கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூர் போன பிறகு வந்தது. அது வரைக்கும் தூக்கினோம். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டு என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்வதில்லை.

அரங்கம் சொன்னபடி எழும்பியது. படிக்கட்டின் நடுவில் மேலிருந்து கீழே நீல பெயிண்டில் கோடு போட்டார்கள். தை மாசம் முதல் ஆட்டம் வைத்தார்கள். டவுனிலிருந்தும் ஆட வந்தார்கள், பார்க்கவும் வந்தார்கள். நானும் அத்தையும் ஏரிக்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அத்தை சட்டென்று வாசலில் திரும்பி உள்ளே போனாள். குடங்களைக் கீழே இறக்கி வைத்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மேல் படி வரைக்கும் ஏறினாள். உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

நான் குடத்தோடு பின்னாலேயே ஏறினேன். களத்தில் கேப்டனைப் பிடித்து அமுக்கியிருந்தார்கள். ஊரே எழுந்து கத்தியது. அத்தை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தாளா, சும்மா இருந்தாளா, தெரியவில்லை.

"அத்த, நேரமாவுது" என்றேன்.

"இருடி. நீயும் உக்காரு."

ஆட்டமும் பார்க்கவில்லை, வீட்டுக்கும் வரவில்லை, இதற்கா இவ்வளவு பேசினாள் என்று எனக்குக் கோபம் வந்தது. குடத்துத் தண்ணீர் தளும்பிப் பாவாடையில் இறங்கியது. கால் வலிக்காத வயசு. அவள் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.