சாமு வரையாத கால்கள்

போன சனிக்கிழமை செகந்திராபாத் லாலாகுடாவில் ஒரு பெண்மணி என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்றார்.

அவருக்கு அறுபது வயது இருக்கும். எனக்கு நாற்பத்தாறு. அதைவிட முக்கியம் — நான் பெண்!

சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. மத்தியானம் மூன்று மணி. சுள்ளென்று வெயில். தெருவில் பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டு போகிறார். பயப்படுகிற நேரமா அது? ஆனாலும் பயந்தேன். பிடரி மயிர் குத்திட்டு நின்றது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் காமிக்ஸ் வரைகிறவள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். யாரைப் பார்த்து வரையக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னதே இல்லை. கொஞ்சம் வெட்கம்தான். சாமு. 'மு'வின் வாலை நீளமாக இழுத்துக் கையெழுத்துப் போடுவாரே... அந்த சாமு. சென்னையிலிருந்து வரும் அவருடைய பேய்க்கதைப் புத்தகங்களை செகந்திராபாத் ஸ்டேஷன் கடையில் வாங்கி வருவார்கள் வீட்டில். பக்கத்தைக் கிழித்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவேன். மேலே வெள்ளைத்தாளை வைத்து, கோடு கோடாக நகலெடுப்பேன். பள்ளிப் பாடத்தை அப்படி எழுதியிருந்தால் கலெக்டர் ஆகியிருக்கலாம்.

சாமுவின் ஸ்பெஷல், பனி. பக்கத்தின் மேல் வரிசைகளில் முகமும் கையுமாகவே வரைவார். ஆள் முழுசாக நிற்பது அடி வரிசையில்தான். அங்கே முழங்காலுக்குக் கீழே எல்லோரும் பனிக்குள் கரைந்துபோவார்கள். கல்யாண வீட்டில் பனி. சந்தையில் பனி. மே மாதத்து மொட்டை மாடியில்கூடப் பனி! பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள் இல்லையா? சாமுவின் கதையில் யாருக்குமே கால் கிடையாது. யார் மனிதர், யார் மற்றது என்று கடைசிப் பக்கம்வரை தெரியாது.

நானும் பனி வரைந்தேன். இருபது வருஷமாக வரைகிறேன்.

இரண்டு மாதம் முன்பு சென்னைப் பதிப்பாளர் ஒருவர் போன் செய்தார். சாமு இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பென்சிலில் மட்டும் போட்டுவிட்டுப் போன பன்னிரண்டு பக்கம் அவர் வீட்டில் இருக்கிறதாம். அதற்கு நான் இங்க் போட வேண்டும். மீதி நாலு பக்கத்தை நானே வரைந்து கதையை முடிக்க வேண்டும். கையெழுத்து? சாமு என்றே.

"உங்க கை அவர் கைதானே மேடம்! யாருக்கும் வித்தியாசமே தெரியாது."

"அப்போ என்னோட லிஃப்ட் கதை?" என்றேன்.

கச்சிபௌலி அப்பார்ட்மென்ட் ஒன்றின் லிஃப்டை விட்டு இறங்கவே இறங்காத ஒரு பெண்ணின் கதை. இரண்டு வருஷமாக வரைகிறேன். என் பெயரில் வரப்போகும் முதல் தனிப் புத்தகம். வரைந்த வரைக்கும் அவரிடம்தான் கொடுத்திருக்கிறேன்.

"அதுவும் அச்சு அசல் சாமு மாதிரியே இருக்கே மேடம். ஒரே மாதிரி ரெண்டு எதுக்கு? மொதல்ல ஒரிஜினல் வரட்டும்."

ஒரிஜினல்! ஒரே வார்த்தையில் என்னை மூட்டை கட்டிவிட்டார். அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். சாமுவின் பென்சில் கோட்டைத் தொடுவது என்றால் சும்மாவா?

முகவரி கேட்டேன். லாலாகுடா என்றார். நான் ஆடிப்போனேன். புத்தகத்தில் சென்னை விலாசம் இருந்ததால் சாமு சென்னைக்காரர் என்றே நினைத்திருந்தேன். மனுஷர் இங்கே ரயில்வே வொர்க்‌ஷாப்பில் பெயின்டராம். பகலில் பெட்டிகளுக்கு நம்பர் எழுதுவது, வீட்டுக்கு வந்து பேய் வரைவது. நான் அல்வாலில் இருந்துகொண்டு அவரை நகலெடுத்த காலமெல்லாம், அவர் ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறார்.

கதவைத் திறந்தவர் அவருடைய மகள், ஸ்டெல்லா. வாசலில் செருப்பைக் கழற்றப் போனேன்.

"நக்கோ மேடம், கழட்ட வேணாம், உள்ளயே விடுங்க. நாய் தூக்கினு போய்டும்."

டீ வந்தது. தகரப்பெட்டியிலிருந்து பன்னிரண்டு பக்கமும் வந்தன. மெல்லிய தாள், மங்கிய பென்சில். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்பதாவது பக்கத்தில் கை நின்றுவிட்டது.

வாசற்படியில் ஒரு பெண். பாதி திரும்பி, தோளுக்கு மேலாக நம்மைப் பார்க்கிறாள். இடது காதில் மட்டும் தோடு இல்லை.

போன மாதம் நான் இதை வரைந்திருக்கிறேன்.

பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தேன். என் லிஃப்ட் பெண்ணைத் திறந்தேன். வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி, அதன்மேல் சாமுவின் தாளை வைத்தேன். சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியில் செய்தேனே, அதே வேலை. கழுத்து கழுத்தின் மேல் உட்கார்ந்தது. தோள் தோளின் மேல். கோட்டின் மேல் கோடு. தோடில்லாத காதின் மேல் தோடில்லாத காது.

லாஜிக் தேடினேன். அவர் கட்டம் பிரிப்பது எனக்கு அத்துப்படி. ஒரு பெண் திரும்பினால் கழுத்து எத்தனை சாயும் என்பதுகூட அவரிடம் கற்றதுதான். சரி... தோடு? இந்தத் தாள் இந்தப் பெட்டியை விட்டு வெளியே போனதே இல்லையே?

"இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டேன்.

"ஹவ், அது நான்தான் மேடம். பஸ்ல ஒரு தோடு எங்கயோ வுழுந்துடுச்சு. எப்படிச் சொல்றதுன்னு வாசல்லயே நின்னேன். அப்பா திட்டல. பென்சில் எடுத்து வரைஞ்சாரு."

சொல்லிவிட்டுத் தாளைத் தூக்கிப் பார்த்தார். அடியில் டேப்லெட்டில் இருந்த என் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார்.

என் கைக்குள் யார் இருக்கிறார்கள்? சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரே ஒரு கட்டம் இங்க் போட்டுக் காமிங்களேன்" என்று கேட்டார். மறுக்க மனமில்லை. ஒரு நகல் தாளில் போட்டேன். முடித்ததும், நான் யோசிக்காமலேயே, என் கை பைக்குள் போய் ஸ்பாஞ்சை எடுத்தது. இங்க்கில் தொட்டு, கட்டத்தின் அடியில் ஒற்றி ஒற்றிப் பனியைப் பரப்பியது. அந்த அம்மா திடீரென்று சிரித்தார்.

"ஐயோ, அதையுமா கத்துக்கிட்டீங்க?"

உள்ளே போய் ஒரு பலகையைக் கொண்டுவந்தார். ரயில் பெட்டியில் கழித்துப் போட்ட பலகை. கீழ் ஓரத்தில், நீளத்துக்கும், இரண்டு விரல் அகலம் உடைந்து போயிருந்தது.

"இத மடியில வச்சுதான் வரைவாரு. தாளுக்கு அடியில இங்க ஒண்ணுமே கிடையாது பாருங்க. அழுத்திக் கோடு போட்டா நிப்பு கிழிச்சிடும். அதான் அங்க மட்டும் ஸ்பாஞ்சால ஒத்தி வுட்டுடுவாரு. புதுப் பலகை வாங்கித் தரேன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன்! 'கைக்கு?'ம்பாரு. அவ்ளோதான்."

இந்த ஊர் உருதுப் பேச்சில் கைக்கு என்றால் 'எதுக்கு'. பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தை. அன்றைக்கு மட்டும் என் காதில் தமிழாக விழுந்தது. கைக்கு? எந்தக் கைக்கு?

என் மேஜை நன்றாக இருக்கிறது. டேப்லெட்டுக்கு உடைந்த ஓரமே கிடையாது. ஆனாலும் இருபது வருஷமாக, இன்னொருவர் மடியில் இருந்த ஓட்டைக்கு மேலே நான் பனி போட்டுக்கொண்டிருக்கிறேன். நாம் நேசிக்கிறவர்களிடமிருந்து எதைத்தான் எடுத்துக்கொள்கிறோம்? அவர் திறமையையா, அவருடைய உடைந்த பலகையையா? நகலெடுக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. யார் இல்லை என்கிறார்கள்? காப்பி அடிக்காமல் ஒருத்தரும் கற்றுக்கொள்வதில்லை. காப்பியை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் நகலெடுக்க முடியாது.

திங்கட்கிழமை பதிப்பாளருக்கு போன் செய்தேன். பன்னிரண்டு பக்கத்துக்கும் இங்க் போடுகிறேன், பனி உட்பட. அது சாமுவுடையது. மீதி நாலு பக்கத்தை வரைய மாட்டேன் என்றேன்.

"ஏன் மேடம், எதுக்கு?"

"கைக்கு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"ஐயையோ, கைக்கு என்னாச்சு? வலியா?"

"ஆமாம் சார்... இருபது வருஷமா."

அவர் சிரிக்கவில்லை. அப்படியானால் என் லிஃப்ட் கதையும் சந்தேகம்தான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நெஞ்சு பகீரென்றது. இரண்டு வருஷம்! ஆனால் அந்த நாலு பக்கம் வரைந்திருந்தால் 'மு'வின் வாலை என் கை தானாகவே இழுத்திருக்கும். அந்தப் பயம் இதைவிடப் பெரிசு.

மறுநாள் காலையில் லிஃப்ட் பெண்ணின் பனியை அழித்தேன். அடியில் வெறும் வெள்ளை. பாதம் வரையத் தெரியவில்லை எனக்கு! பார்த்து வரைய சாமுவிடம் ஒரு பாதம்கூட இல்லை. கடைசியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, குனிந்து பார்த்து வரைந்தேன். கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளம்... புருஷனை அடக்கி ஆள்வாள் என்று கேலி செய்வார்களே, அந்தப் பாதம். கோணல் மாணலாக வந்தது.

காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள் எட்டிப் பார்த்தாள். அவளிடம் தமிழில் கேட்டால் பதில் தெலுங்கில்தான் வரும். இப்போது நான் கேட்கவே இல்லை, அவளே கேட்டாள்.

"அம்மா, ஈ காள்ளு எவரிவி?"

இது யார் கால் என்கிறாள்.

"என்னோடதுடி" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். திரையில் அந்தப் பெண்ணின் ஒரு கால் லிஃப்டுக்குள் இருக்கிறது. இன்னொன்று வெளியே, தரையில். நான் அப்படி நினைத்து வரையவில்லை. இரண்டு வருஷமாக உள்ளேயே மிதந்தவள் இறங்கிவிட்டாள். இனி எந்தப் பக்கம் போவாள் என்று சாமுவிடம் கேட்க முடியாது.