சாந்த்ராகாச்சியில் பறவை பார்த்தது

சென்னையிலிருந்து வரும் வண்டி ஹௌராவுக்குள் நுழையும் முன் சாந்த்ராகாச்சியில் நின்றுவிடும். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் ஊர் வந்துவிட்டதென்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்பார்கள். எங்களைப் போன்ற கல்கத்தாத் தமிழர்கள் போர்வையைக்கூட மடிக்க மாட்டோம். அப்பா அந்த நேரத்தில் தியானம் செய்வார்.

அந்தத் தியானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா வங்கி அதிகாரி. கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டை எறிவார். டாக்டர் பயமுறுத்தியதும் கரியாஹாட் பக்கம் ஒரு வகுப்பில் சேர்ந்து மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்டார். தட்டு பறப்பது நின்றது. அதற்குப் பதிலாக, அம்மா வாயைத் திறந்தால் இவர் கண்ணை மூடிக்கொள்வார். இதற்குப் பெயர் விழிப்புணர்வாம்.

ஒரு குளிர்கால விடுமுறைக்குச் சென்னை போயிருந்தோம். பெரியம்மா வேலை பார்த்த சென்னைப் பள்ளியில் அம்மாவுக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அதையே பேசினாள்.

"நான் பேசிண்டே இருக்கேன், நீங்க கண்ணை மூடிண்டா என்ன அர்த்தம்?"

"உனக்கு எல்லாத்துலயும் அவசரம். மூச்சை இழுத்து விடு, சரியாயிடும்."

விடிந்தபோது வண்டி சாந்த்ராகாச்சியில் நின்றிருந்தது. வெளியே ஒரே பனி. தண்டவாளங்கள் கொஞ்ச தூரம் போய்க் காணாமல் போயின. அம்மா என்னை எழுப்பி ஸ்வெட்டர் மாட்டினாள். ஷூ போட்டுவிட்டாள். அப்பா சப்பணமிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"வாடி, பறவை பாத்துட்டு வரலாம்."

எதிர் இருக்கை வங்காளி மாமியைக் காக்கிமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் பதறிப்போய் வங்க மொழியில் ஏதோ கேட்டாள். அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு என்னை இறக்கிவிட்டாள்.

ஸ்டேஷனை ஒட்டி ஏரி. ஆகாயத்தாமரைத் திட்டுகளின் மேல், குளிருக்கு எங்கிருந்தோ வந்த வாத்து மாதிரிப் பறவைகள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. பனியில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. பறவைகள் சீழ்க்கை அடித்தன. தூக்கத்திலேயே நடந்து வந்த எனக்கு, அந்தச் சத்தம் என் காதுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. அம்மா பறவைகளைப் பார்க்கவில்லை. எங்கள் வண்டி வந்த திசையைப் பார்த்து நின்றாள். அந்தப் பக்கம் போகிற வண்டி ஒன்று நடைமேடையில் நின்றிருந்தது. அதன் விளக்கு பனியில் மஞ்சளாகக் கரைந்தது.

எங்கள் வண்டி ஊதியது. பறவைகள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பின.

"வீட்டுக்குப் போலாம்மா," என்றேன்.

"எந்த வீட்டுக்கு?"

என்ன கேள்வி இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம பெஹாலா வீட்டுக்குத்தான்!"

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் ஏறினோம். காக்கிமா இரண்டு கையாலும் என்னை உள்ளே இழுத்தாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். "இன்னிக்கு மனசு நன்னா அடங்கித்து," என்றார். நாங்கள் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. காக்கிமாதான் இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அவ அப்படித்தான். தோணினா எழுந்து போயிடுவா. யோசிக்கறதே கிடையாது."

அதன் பிறகு உறவினர்கள் வந்தாலே இந்தக் கதைதான். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் காபி கொடுத்துக்கொண்டே சிரிப்பாள்.

அன்று பெஹாலா வீட்டுக்குப் போனதும் பல் தேய்க்க என் பிரஷ்ஷைத் தேடினேன். முந்தின ராத்திரி மூவருடைய பிரஷ்ஷும் பயணச் சோப்புப் பெட்டியில்தான் இருந்தன. இப்போது அதில் அப்பாவுடையது மட்டும் இருந்தது. என்னுடையது அம்மாவின் கைப்பையில் இருந்தது. அவளுடையதும் கூடவே, ஒரே கைக்குட்டையில் சுற்றி.

"உனக்கு எல்லாத்துலயும் அவசரம். கண்ட எடத்துல போடறே," என்று அப்பா மாதிரியே சொல்லிக் காட்டினேன்.

அம்மா பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக் கொடுத்தாள்.