கோப்ரலுக்கு உடைத்த தேங்காய்

இராணுவப் பயிற்சிப் பள்ளிக்குப் போன முதல் கிழமையிலேயே எனக்கு இரண்டு பட்டங்கள் கிடைத்துவிட்டன. சிங்களச் சீனியர்மாருக்கு நான் 'கொட்டியா', அதாவது புலி. என்னோடு சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் 'தோட்டக்காட்டாள்'. நான் பிறந்து வளர்ந்தது வவுனியாவில், நெளுக்குளத்தில். தேயிலைச் செடியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் அப்பா மலைநாட்டுக் கலவரத்தில் அடிவாங்கி வன்னிக்கு ஓடிவந்தவர் என்பதற்காக நானும் கூடை சுமக்க வேண்டுமாம். புலிப் பட்டமும் அப்படித்தான். சண்டை முடிந்தபோது நான் பாலர் வகுப்பில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே ஏன் போனாய் என்று ஊரில் கேட்காதவர் இல்லை. கார்மன்ட் தொழிற்சாலையில் தராத பென்சனை இவர்கள் தருவார்கள் என்று போனேன், அவ்வளவுதான். கார்மன்டில் சூப்பர்வைசர்மாரிடம் ஏச்சு வாங்கி வாங்கிச் சிங்களமும் எனக்குச் சரளமாக வந்திருந்தது.

புதியவர்களை வதைப்பதற்கென்றே ஒரு கோப்ரல் இருந்தாள். மெலிந்த, வெடுக்கென்ற பெண். மாலைத் தேநீர் முடிந்ததும் அவளுடைய பகிடிவதை தொடங்கும். நாங்கள் வரிசையில் நின்று "நான் கொட்டியா" என்று கத்த வேண்டும். பிறகு குந்தியபடியே மைதானத்தைச் சுற்றி வாத்து நடை நடக்க வேண்டும். நான் கத்தியது போதாதென்று ஒருநாள், "புலி என்றால் உறுமு" என்றாள். உறுமினேன். அவளுடைய கதிரைக்குக் கீழே படுத்திருந்த முகாம் நாய் எழுந்து குசினிப் பக்கம் ஓடியது. அன்றைக்கு எனக்கு இரண்டு சுற்று கூடக் கிடைத்தது. ஆனாலும் அந்த நாயின் ஓட்டத்தைப் பார்த்ததற்கு அது தகும்.

எனக்கு உடம்பு இரும்பு, நடந்துவிடுவேன். நடக்க முடியாமல் துடித்தவள் பக்கத்துக் கட்டில்காரிதான். அவளுக்கு ஊர் கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சி. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் குடியேற்றத்தில் காணி எடுத்த குடும்பம். முதல் நாள் என் கோப்பையில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று தன் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனவளும் இவள்தான். 'தோட்டக்காட்டாள்' பட்டமும் அவள் உபயம். ஒரு மாலை அவளுடைய வலது முழங்கால் பலாப்பிஞ்சுபோல வீங்கி நின்றது. யாழ்ப்பாணத்துக் கௌரவம் எல்லாம் பறந்துபோக, எண்ணெய் தடவிவிடு என்று என்னைத்தான் கேட்டாள்.

தடவும்போது தோலுக்கு அடியில் கல்லுப்போல ஏதோ தட்டுப்பட்டது.

"என்னடி இது?"

"சத்தம் போடாதையடி. செல் துண்டு. கடைசிச் சண்டைக்குள்ள செல் வெடிச்சுப் பட்டது. எடுத்தா கால் மடங்காது எண்டு டொக்டர் விட்டுட்டார்."

"மெடிக்கலில பிடிக்கேல்லையே?"

"வாயைத் திற, மூச்சை விடு எண்டு மட்டும்தான் பாத்தவங்கள். தெரிஞ்சா அடுத்த பஸ்ஸில ஏத்தி விட்டிடுவாங்கள். நான் இதில சேந்ததுக்கு அண்ணா இனி வீட்டுப்படி மிதிக்காதை எண்டுட்டான். எனக்குப் போக இடம் இல்லையடி."

ஆக, மருந்து அறைக்கும் போக முடியாது. வாத்து நடையும் நிற்காது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கோப்ரலை அப்படியே குளத்தில் அமுக்கியிருப்பேன். அதற்குப் பதிலாகப் பிள்ளையாரிடம் போனேன்.

முகாமுக்குள்ளே ஒரு மருதமரத்தடியில் பிள்ளையார் இருந்தார். ஊர்க் கோயில் காணியும் முகாமுக்குள் போனபோது அவரும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொண்டார். எங்களுக்காவது லீவு உண்டு, அவருக்கு அதுவும் இல்லை. குசினியில் சமைக்கும் சிங்கள அண்ணாவிடம் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலை போய், "பிள்ளையாரே, அந்தக் கோப்ரலுக்கு நல்ல புத்தி குடு" என்று வாய்விட்டு வேண்டி, சிதறுதேங்காய் அடித்தேன். திரும்பினால் கோப்ரலே நிற்கிறாள்.

"யாருக்காக உடைத்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

கடவுள் சந்நிதியில் பொய் சொல்லக்கூடாது என்று உண்மையைச் சொன்னேன்: "உங்களுக்காகத்தான் மிஸ்."

அவளுடைய முகத்தில் இரத்தம் வற்றியது. விறுவிறு என்று போய்விட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த நாள் கோப்ரலுக்கு வயிற்றோட்டம். முதல்நாள் கருவாட்டுக் கறியை மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டால் வேறென்ன வரும்? அதற்கடுத்த நாள், அவள் கழற்றி வைத்த தொப்பியை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு மருதமரத்தில் ஏறிவிட்டது. பிள்ளையாரின் அதே மரம். அந்த இரண்டு மாலையும் வாத்து நடை நடக்கவில்லை.

குசினி அண்ணா வவுனியாவில் பிறந்தவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அவர் என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, எங்கட சிங்கள ஆக்கள் கோவிலில தேங்காய் அடிச்சா என்ன எண்டு தெரியுமே? அநியாயம் செய்தவன் நாசமாய்ப் போகோணும் எண்டு சாபம் போடுறது! நீ அவவின்ர முகத்துக்கு நேரை உங்களுக்குத்தான் எண்டு வேறை சொல்லியிருக்கிறாய்!"

நான் வேண்டியது நல்ல புத்தி, போய்ச் சேர்ந்தது சாபம். திருத்தியிருக்கலாம்தான். யார் திருத்துவது? அன்றிலிருந்து எங்கே போனாலும் என் கையில் ஒரு தேங்காய் இருந்தது. கோப்ரல் எங்கள் வரிசைக்கு முன்னால் வந்தால், நான் தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்ப்பேன். அவள் அதைப் பார்த்ததுமே வேறு பக்கம் போய்விடுவாள். நான் தேங்காய் நாரை உரித்தேன் என்றால் முழு வரிசைக்கும் ஓய்வு. கட்டிலில் கிடந்த வட்டக்கச்சிக்காரி சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "சாக்கொல்லுறியேடி!" என்றாள். தண்ணீரும் என் கோப்பையிலேயே குடிக்கத் தொடங்கியிருந்தாள். அதை நான் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு மாலை கோப்ரல் என்னைத் தேடி மருதமரத்தடிக்கு வந்தாள். அவள் கையிலும் ஒரு தேங்காய்.

"அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது. போன் வந்தது" என்றாள். "என்ன வேண்டுமென்றாலும் செய்கிறேன். சாபத்தை எடுத்துவிடு."

எனக்குச் சீ என்று போய்விட்டது. குரங்குக்கும் கருவாட்டுக்கும் நான் பொறுப்பெடுப்பேன், ஒரு தாயின் இடுப்புக்கு மாட்டேன். எங்களுக்குத் தேங்காய் உடைப்பது வேண்டுதல், உங்களுக்கு நல்ல புத்தி வேண்டித்தான் உடைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"எனக்குச் சொல்லித்தராதே. தேங்காய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நானே உடைத்தவள்" என்றாள். "அண்ணா இந்தக் காட்டுக்குள்தான் சண்டைக்கு வந்து காணாமல் போனான். அம்மா என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போனார். அம்மாவால் தேங்காயை ஓங்க முடியவில்லை. நான்தான் வாங்கி அடித்தேன். அங்கே இருக்கிற எல்லோரும் அழிய வேண்டும் என்று சொல்லித்தான் அடித்தேன்."

இரக்கப்பட வேண்டிய இடம் அது. ஆனால் அந்த 'எல்லோரும்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"அப்படியென்றால் பலித்திருக்கிறது மிஸ். அந்த வட்டக்கச்சிக்காரியின் முழங்காலுக்குள்ளே இருக்கிறது உங்கள் தேங்காய். செல் துண்டு. ஒவ்வொரு மாலையும் அதை வைத்துக்கொண்டுதான் குந்தி நடந்தாள்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். யார் காதுக்குப் போகக்கூடாதோ, அவளிடமே கொட்டிவிட்டேன். இனி இவள் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வட்டக்கச்சிக்காரி நாளைக்கு பஸ்ஸில் இருப்பாள். மிஸ், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கெஞ்ச வாயெடுத்தேன்.

கோப்ரல் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள்.

"அப்போது அவள் எத்தனையாம் வகுப்பு?" என்றாள்.

"பாலர் வகுப்பு மிஸ்."

"நான் எட்டாம் வகுப்பு" என்றாள். அவள் அந்தத் தேங்காயை உடைக்காமலே எழுந்து போனாள்.

இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. காலையில் பெயர் கூப்பிடும்போது கோப்ரல் வட்டக்கச்சிக்காரியை வெளியே கூப்பிட்டாள். கோப்ரல் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, பயிற்சி முடியும்வரை ஓட்டத்துக்கு விசில் ஊதுவது உன் வேலை, நீ ஓடவும் வேண்டாம், குந்தி நடக்கவும் வேண்டாம் என்றாள். மருந்து அறைப் பக்கம் எந்தக் கதையும் போகவில்லை.

அன்று மாலை வட்டக்கச்சிக்காரி விசிலைச் சுழற்றிக்கொண்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"எடியே, ஒரு தேங்காய்க்கு அவவுக்கு இவ்வளவு பயமோ?" என்று கேட்டாள்.

"ஓமடி, சரியான பயம்" என்றேன்.