பச்சை டிக்

ஸ்கூடாயில் இருக்கும் என் போட்டோஸ்டாட் கடைக்கு அவர் ஒரே ஒரு முறைதான் வந்தார். பக்கத்து ஊரான தம்போயில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைச் சோதிப்பவர், ஐம்பது வயதிருக்கும். சட்டைப்பையில் மைப்பேனா. பேசும்போதெல்லாம் வலது கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

கைப்பேசியிலிருந்த ஒரு ஈமெயிலை அச்செடுக்கச் சொன்னார். 'மெஷினைச் சோதித்துவிட்டேன், ஓட்டலாம்' என்று அவர் பெயரில் போயிருந்தது. அடியில் அவருடைய டிஜிட்டல் கையெழுத்து. அது உண்மையானதுதான் என்று பக்கத்திலேயே ஒரு பச்சை டிக். அன்று அதே மெஷினில் ஒரு வங்காளதேசத் தொழிலாளியின் நான்கு விரல்கள் போய்விட்டன.

"அன்னைக்கு நான் லீவுமா. இத நான் அனுப்பல."

"இந்தக் கையெழுத்துப் போடுற உங்க பின் நம்பர் வேற யாருக்குண்ணே தெரியும்?"

"ஷிப்டு பூரா தெரியும். நான் இல்லாட்டி வேலை நின்னுடும்னு நம்பர மெஷின்லயே எழுதி ஒட்டி வெச்சிருந்தேன். இப்ப ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டேங்கிறான்லா. நாளைக்கு விசாரணை."

தாளை வாங்கி, பச்சை டிக்குக்குக் கீழே, 'இது நான் அனுப்பியதல்ல' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் அதை நம்பப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"நீங்க செய்யலையேண்ணே, பயப்படாதீங்க" என்றேன்.

மை காய ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "வேலைக்கு வந்திருந்தா, நானும் மெஷினப் பாக்காமதாம்மா அனுப்பியிருப்பேன். தினமும் அப்படித்தான்."

தாளை மடித்துப் பையில் வைத்தார். கட்டைவிரல் மறுபடியும் தொடத் தொடங்கியது: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.